வாசமில்லாத சாட்சி

எது முதலில் கேட்டது என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தீக்குச்சி உரசிய சத்தமா, தெய்வசிகாமணி அலறிய சத்தமா? அந்த அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டாயிற்று. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விமலாராணி சொன்னதை வைத்துத்தான் இங்கே எழுதப்படுகிறது. அவளும் தன் ஞாபகத்தின் மேல் சத்தியம் பண்ணத் தயாராக இல்லை. "நான் ஜோவிதாவோட முகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துல காது வேலை செய்யல" என்கிறாள்.

ஜோவிதாவிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே விமலாராணியின் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் டவுன் பஸ் ஹாரன், மூடினால் புழுக்கம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருஷம் பஞ்சாலைத் தீ, ஜவுளிக் குடோன் தீ என்று சாம்பலைக் கிளறிவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவள். அதிகம் பேசமாட்டாள். எதிரில் இருப்பவர் பேச்சை முடித்த பிறகும் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பேசாமல் மிச்சம் வைக்கும் பேச்சையெல்லாம் உதவியாளன் பஷீர் பேசித் தீர்ப்பான். கோட்டைமேட்டுக்காரன். நாற்பது வயதில் தொப்பை வந்திருந்தது, அடக்கம் வந்திருக்கவில்லை.

"எம்பட ஊட்டுக்காரர் பீடி குடிப்பாருங்க. அதை ஒளிக்க மாட்டேன்" என்றுதான் ஜோவிதா பேச்சைத் தொடங்கினாள்.

அவள் கணவன் பாக்கியராஜ், வெள்ளகோவிலுக்கு வெளியே கேஸ் குழாய் போகிற பாதையில், ஒரு வால்வு நிலையத்தின் காவலாளி. போன ஆடி மாதம் அங்கே தீப்பிடித்து இறந்தான். அன்று மாலை அங்கே வந்திருந்த இன்னொருவர், நொய்யல் கேஸ்லைன் கம்பெனியின் நிதி அதிகாரி தெய்வசிகாமணி. அவர் போலீசில் சொன்ன வாக்குமூலம் இது: வால்வு அறைப் பக்கம் போனதுமே கேஸ் வாசம் மூக்கைத் துளைத்தது. காவலாளியைக் கூப்பிட்டு, பீடி பற்ற வைக்காதே என்று எச்சரித்தேன். எஞ்சினியருக்குத் தகவல் சொல்லக் காருக்குத் திரும்பினேன். அதற்குள் அவன் பற்ற வைத்துவிட்டான்.

"வாசம் வந்தும் குடிச்சான்னு எழுதிப்போட்டாங்க. எம் புள்ள கெசியாவைப் பள்ளிக்கூடத்துல கொள்ளிக்கட்டைன்னு கூப்பிடறாங்க. மாதா கோவில்ல அவர் பேருக்குப் பூசை வச்சா, முன்வரிசையில இருக்கறவங்க திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க." ஜோவிதா அழவில்லை. "பீடி குடிப்பாருங்க. ஆனா வாசம் வந்தா குடிக்கற ஆளில்லைங்க. ஊட்டுல சிலிண்டர் மாத்தினாக்கூட வெளிய போய் நின்னுக்குவாரு."

"உனக்கு என்ன வேணும்?" என்றாள் விமலாராணி.

"பொய் சொன்னேன்னு அந்தாளு வாயால சொல்லோணுமுங்க. சொல்லறப்போ உசுருக்குப் பயந்து நடுங்கோணும். நடுங்கறதை நான் நின்னு பாக்கோணும்."

"அம்மணி, எங்க பில்லுல அந்தத் தலைப்பு இல்லீங்களே" என்றான் பஷீர்.

விமலாராணி அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. யாரையோ பிடித்து வைத்திருப்பதுபோல.

"நாளைக்குச் சிங்காநல்லூர் போறோம்" என்றாள் பஷீரிடம்.

*

சிங்காநல்லூரில் நொய்யல் கேஸ்லைன் ஆபீஸின் மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தால் குளம் தெரியும். தெய்வசிகாமணி வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, பேச்சில் அத்தனை பணிவு. காபி வரவழைத்தார்.

"மீத்தேன்னு சொல்லுவாங்க மேடம். கண்ணுக்குத் தெரியாது. குழாய்ல, வால்வுல அங்கங்க கசிஞ்சு மேல போயிருது. கரியமில வாயுவை விடப் பல மடங்கு பூமியைச் சூடு பண்ணுது. அதை அடைக்கறதுக்குன்னே வெளிநாட்டு நிதி ஒண்ணு நமக்குக் கடன் குடுக்குதுங்க. முதல்ல கேமரா வச்சு எவ்வளவு கசியுதுன்னு பாப்பாங்க. நாம அடைச்சதுக்கப்புறம் மறுபடி பாப்பாங்க. எவ்வளவு குறைச்சமோ அதுக்குத் தக்கன வட்டி குறையும்."

"அப்ப முதல் தடவை பாக்கறப்ப நிறையக் கசிஞ்சாத்தான் உங்களுக்கு நல்லதுங்களா?" என்றான் பஷீர், காபியை ஆற்றிக்கொண்டே.

தெய்வசிகாமணியின் சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணிலிருந்து போய்விட்டது. "தமாசாப் பேசறீங்க."

"அதுக்குத்தாங்க சம்பளம் வாங்கறேன்."

"நான் வட்டிக் கணக்குக்காரனுங்க. கேஸைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எங்க ஊட்டு அடுப்புல வர்றதுதான். ஆனா அன்னைக்கு வந்த வாசம் இருக்குதே..." அவர் மூக்கைத் தொட்டுக்கொண்டார். "இப்பவும் இங்கயே நிக்குதுங்க. பாவம், சொன்னா கேக்கல அந்த மனுசன்."

விமலாராணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடன் ஒப்பந்தம் கையெழுத்தான விழாவின் படம் அங்கே பெரிதாக மாட்டியிருந்தது. மேடையில் பூச்செண்டுகள், வெளிநாட்டுக்காரர்கள், நடுவில் தெய்வசிகாமணி. அவர்களுக்குப் பின்னால் இருந்த திரையில் கருகிப்போன வால்வு அறை. 'இதனால்தான் அவசரம்' என்று மேலே எழுத்து. திரையின் ஓரத்தில், வாசற்படிக்குப் பக்கத்தில், ஒற்றைச் செருப்பு.

கீழே இறங்கிக் காரில் ஏறினார்கள்.

"அக்கா, அந்தப் படத்துல..."

"பாத்தேன் பஷீர்."

செத்தவனைக் குற்றவாளியாக்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. செத்த இடத்தைப் படம் பிடித்துக் காட்டிக் கடனையும் வாங்கியிருக்கிறார்கள். அவளுக்கு உள்ளே எதுவோ மெல்லச் சூடேறியது. கோபம் என்று அதற்குப் பேர் வைக்க அவள் விரும்பவில்லை. கோபம் சீக்கிரம் ஆறிவிடும்.

*

கேமராக்காரி ஹாரிகா ஹைதராபாத்துப் பெண். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்று வேளையும் சாப்பிட்டு, தமிழை ஹோட்டல் சர்வர்களிடம் கற்றுக்கொண்டவள். நொய்யல் கம்பெனிக்காக மீத்தேன் பார்ப்பவள் அவள்தான்.

கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினாள். வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லாத ஒரு குழாய் மூட்டு. கேமராத் திரையில் அதே மூட்டிலிருந்து கருப்புப் புகை சுருள் சுருளாக மேலே போய்க்கொண்டிருந்தது.

"மேல போகுது பாருங்க. காத்தை விட லேசு. சமையல் கேஸ் மாதிரி தரையில படியாது. மூடின ரூமா இருந்தா கூரைக்குக் கீழ சேரும்."

"இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய கேமரா? மோந்து பாத்தாப் போதாதா? எங்க அத்தா இருந்தா தெருமுனையிலயே சொல்லிருவாரு" என்றான் பஷீர்.

ஹாரிகா சிரித்தாள். "வாசம் வந்தா எனக்கு வேலையே இல்ல அண்ணா. பெரிய குழாய்ல போற கேஸுக்கு வாசம் கிடையாது. ஊருக்குள்ள வீடுகளுக்குக் குடுக்கறப்பதான் வாசத்துக்குன்னு ஒரு மருந்து கலப்பாங்க. வெள்ளகோவில் லைன்ல அது கலக்கறதில்ல."

பஷீர் கேமராத் திரையை இன்னொரு தரம் பார்த்தான்.

"அப்ப சிகாமணி அன்னைக்கு எதை மோந்தாரு?" என்றான். "அவரு சொல்லப் போற பொய்யையா?"

தீ விபத்தன்று ஹாரிகாதான் அங்கே அளக்க வந்திருக்க வேண்டும். விமானம் ரத்தாகி மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். வால்வு அறை அதற்குள் கரியாகியிருந்தது. அங்கே அழுத்தத்தை வெளியேற்றுகிற சின்ன வால்வு ஒன்று உண்டு என்றாள். அதைக் கொஞ்சம் திருகி வைத்தால் போதும், கேமராவில் பெரிய கசிவாகத் தெரியும்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றார்கள். விமலாராணியின் டீ ஆடை கட்டியது.

"முடிஞ்சுதுக்கா" என்றான் பஷீர். "கேமராவுக்காக அவரு வால்வைத் திறந்து வச்சாரு. கேமரா வரல, திறந்தது திறந்தபடி கிடந்துச்சு. பாக்கியராஜுக்கு யாரும் சொல்லல, வாசமும் வரல. மனுசன் பீடியைப் பத்த வச்சாரு. போய்ச் சொல்லிரலாமா?"

"சொன்னா என்ன சொல்லுவான்? ஏதோ வாசம் வந்துச்சு, கேஸ்னு நெனைச்சேன், நான் வட்டிக் கணக்குக்காரன்னு சொல்லுவான். தெரியாம சொன்னதுக்குத் தண்டனை இல்ல." அவள் டீயைக் கீழே ஊற்றினாள். "அவனுக்குத் தெரியும்னு அவனே சொல்லணும். போலீஸ் முன்னால சொல்லணும்."

*

ஏற்பாடு இப்படி ஆனது. கணவனின் சாவை மறுபடி விசாரிக்கச் சொல்லி ஜோவிதா கொடுத்த மனு போலீசில் நிலுவையில் இருக்கும்வரை கம்பெனிக்குக் கடனின் அடுத்த தவணை வராது. மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஜோவிதா சொல்லியனுப்பினாள். ஒரே நிபந்தனை. கணவனின் வருஷ நினைவு நாளில், அவன் செத்த இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் செய்ய வேண்டும், தெய்வசிகாமணி வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கேயே கையெழுத்து. சாட்சிக்கு, அவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிய வெள்ளகோவில் பெண் எஸ்.ஐ. ராமாமணி. தெய்வசிகாமணி உடனே ஒப்புக்கொண்டார்.

அன்று காலை ஹாரிகா கேமராவோடு முன்னதாகவே போய் அந்த இடம் முழுக்கப் பார்த்துவிட்டாள். துளிக் கசிவில்லை. பஷீர் முந்தின நாளே வெள்ளகோவில் பஞ்சர் கடையிலிருந்து காற்று டேங்க் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நிலையத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தான். அதன் குழாய், சுவர் வழியாக, வால்வு அறைக்குள் போனது. சைகை கொடுத்ததும் திறந்துவிட வேண்டும். உஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் திட்டம்.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் ஜோவிதா காரில் ஏறினாள். வெள்ளைச் சேலை, கையில் கணவனின் போட்டோ, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. காது மூளியாக இருந்தது.

"ஏனுங்க அம்மணி, தோடு எங்க? எங்க பில்லை நெனைச்சு அடகு வச்சுட்டீங்களா?" என்றான் பஷீர்.

"தங்கச்சிகிட்டக் குடுத்துட்டு வந்தனுங்க. கெசியாவையும் அங்கதான் விட்டுருக்கேன்."

"ஞாபகம் இருக்குதா?" என்றாள் விமலாராணி. "ஒரு சத்தம் வரும். பயப்படாதே. மெழுகுவத்தியைப் பத்த வைக்கக் கூடாது. கையில வச்சுக்கிட்டு நின்னாப் போதும்."

"சரிங்க."

வழி நெடுக இரண்டு பக்கமும் கிளுவை வேலிகள் வந்துகொண்டே இருந்தன.

*

காவல் அறையும் வால்வு அறையும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டவை. சுவரின் மேல்பகுதியில் கம்பி வலை போட்ட திறப்பு. எல்லாம் புதிதாகக் கட்டி, பளிச்சென்று வெள்ளையடித்திருந்தார்கள். நாற்காலியில் பாக்கியராஜின் போட்டோ. முன்னால் ஜோவிதா. அவளுக்கு வலது பக்கம் தெய்வசிகாமணி, கைகூப்பி, தலைகுனிந்து. வாசலை அடைத்தபடி எஸ்.ஐ. ராமாமணி, அக்குளில் தொப்பி. விமலாராணி ஜன்னலோரம். எஸ்.ஐ.க்குத் திட்டம் தெரியாது. உண்மையான சாட்சிக்கு முன்கூட்டியே எதுவும் தெரியக்கூடாது என்பது விமலாராணியின் கட்சி.

ஜோவிதா முணுமுணுவென்று ஜெபம் சொல்லி முடித்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். விமலாராணி ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை உதறினாள்.

உஸ்ஸ்ஸ்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது சத்தம். நீளமாக, நிற்காமல்.

"என்னங்க அது?" ராமாமணி மூக்கை உயர்த்தி இரண்டு தரம் உறிஞ்சினாள். விமலாராணியும் வேண்டுமென்றே மூக்கைச் சுருக்கினாள். கேஸ் என்றால் எவரும் முதலில் செய்வது அதுதான்.

தெய்வசிகாமணி மூக்கைச் சுருக்கவில்லை. அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

கேஸ் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தவன் பார்க்கிற இடம்.

"வெளிய போயிரலாமுங்க" என்றார்.

"ஏனுங்க? வாசம் ஒண்ணும் வரலீங்களே" என்றாள் ராமாமணி, வாசலை விட்டு நகராமல்.

"நகருங்க மேடம்!"

"அட, இருங்க. வாசமே இல்ல, எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?"

இந்த இடத்தில்தான் எல்லாருடைய நினைவும் குழம்புகிறது. ஜோவிதா தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்ததை அனைவரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதை உரசியதையும். அதற்கு முன்பா, பின்பா, கூடவேவா என்பதுதான் தெரியவில்லை. தெய்வசிகாமணி அலறினார்:

"வாசம் வராதுங்க! லைன் கேஸுக்கு வாசமே கிடையாது! ஏய், குச்சியைப் போடு! அந்தச் சின்ன வால்வை எவன் திறந்து வச்சது? கூரை நெறைஞ்சிருச்சுன்னா அன்னைக்கு மாதிரியே..."

பாதியில் நின்றுவிட்டது. கால்கள் மடங்கி அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளும் தலைக்கு மேல்.

குச்சி எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஜோவிதா அதை ஊதி அணைக்கவும் இல்லை, மெழுகுவர்த்திப் பக்கம் கொண்டுபோகவும் இல்லை. அவர் நடுங்குவதைப் பார்த்தபடி நின்றாள். சுடர் விரலைத் தொட்டபோதும் கை அசையவில்லை.

பின்சுவருக்கு வெளியே டேங்கில் காற்று தீர்ந்து சத்தம் அடங்கியது.

பிறகு ராமாமணி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். தெய்வசிகாமணிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எந்தச் சின்ன வால்வுங்க?" என்றாள் நிதானமாக. "அன்னைக்குன்னா என்னைக்குங்க? வாசமே வராதுன்னா, மூக்கைத் துளைச்சுதுன்னு எங்கிட்ட எழுதிக் குடுத்தது எப்படீங்க?"

தெய்வசிகாமணி மெல்ல ஜோவிதாவை நிமிர்ந்து பார்த்தார். "நான் பொய் சொன்னேனுங்க" என்றார். கேட்டது ராமாமணி. பதில் போனது ஜோவிதாவுக்கு.

*

ஜீப் போன பிறகு பஷீர் பின்சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது.

"ஜன்னல்ல எல்லாத்தையும் பாத்தேன்கா. அந்தம்மா குச்சியைக் கிழிச்சாங்க பாருங்க, நடிப்புன்னா அது நடிப்பு. நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"நான் பத்த வைக்கக் கூடாதுன்னுல்ல சொல்லியிருந்தேன்."

"வெறும் காத்துதான்னு தெரிஞ்சதால தைரியமாக் கிழிச்சிருப்பாங்க."

"ஆமா" என்றாள் விமலாராணி. இரண்டடி நடந்துவிட்டு நின்றாள். "காத்துதான்னு நீ எப்பச் சொன்னே அவகிட்ட?"

"நானா? நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான்..."

லைன் கேஸுக்கு வாசமில்லை என்று விமலாராணி ஜோவிதாவுக்கு விளக்கியிருந்தாள். சத்தம் வரும், பற்ற வைக்காதே என்று எச்சரித்திருந்தாள். சத்தம் எதிலிருந்து வரும் என்று இருவருமே சொல்லவில்லை.

மூளியான காது. தங்கை வீட்டில் விட்டுவந்த பிள்ளை.

ஜோவிதா வேலியோரம் நின்று கணவனின் போட்டோவைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனி கொப்பளித்திருந்தது. விமலாராணி அருகில் போனாள்.

"ஜோவிதா. உள்ள வந்தது வெறும் காத்துன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"காத்துன்னா என்னங்க, கேஸுன்னா என்னங்க. ரெண்டுக்கும் வாசம் இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க."

தீப்பெட்டியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு காரை நோக்கி நடந்தாள்.

*

வழக்கு காங்கேயம் கோர்ட்டில் நடந்தது. நெருப்பைக் காட்டி மிரட்டி வாங்கிய வார்த்தை செல்லாது என்று தெய்வசிகாமணியின் வக்கீல் வாதாடினார். குச்சி முதலிலா, குரல் முதலிலா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். விமலாராணி, நினைவில்லை என்றாள். எஸ்.ஐ. ராமாமணி, குரல்தான் முதலில் என்று கண்ணிமைக்காமல் சொன்னாள். தெய்வசிகாமணிக்குத் தண்டனை கிடைத்தது. அப்பீல் போட்டிருக்கிறார். ஜாமீனில் சிங்காநல்லூரில்தான் இருக்கிறார். வீட்டில் சமையலுக்கு மின்சார அடுப்பு வாங்கிவிட்டார்கள் என்று பஷீர் விசாரித்து வந்து சொன்னான்.

வெளிநாட்டு நிதி கடனை ரத்து செய்தது. நொய்யல் கேஸ்லைனை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது. காவலாளிகளுக்கும் கேஸ் காட்டும் கருவி கொடுத்திருக்கிறார்கள். ஹாரிகா இப்போது குஜராத்தில் குழாய்களைப் படம் பிடிக்கிறாள். ராமாமணிக்குத் தாராபுரத்துக்கு மாற்றல். பஷீர் இன்னும் விமலாராணியோடுதான் இருக்கிறான். எந்த வேலைக்குக் கிளம்பினாலும் யாரிடம் என்ன சொல்லியாயிற்று என்று இரண்டு தரம் கேட்டுக்கொள்கிறான். தமாசு குறையவில்லை.

போலீஸ் அறிக்கையில் பாக்கியராஜின் பெயருக்கு எதிரே இருந்த வரி நீக்கப்பட்டது. ஜோவிதா வெள்ளகோவிலில் ஒரு நூல் மில்லில் வேலைக்குப் போகிறாள். தங்கையிடம் கொடுத்த தோட்டை அவள் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. கெசியா போட்டிருக்கிறாள்.